மஞ்சளாகத்தான் இருக்கும், இருக்கட்டும்

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருவர் போன் போட்டு, இன்குபேட்டர் கதவில் ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கே, பிய்த்துப் போட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். நான் "வேண்டாம்" என்று போட்ட சத்தத்தில், எனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். வலியெல்லாம் ஒன்றும் இல்லை. என் சர்வீஸில் நான் வாங்கிய ஒரே பட்டம் அந்தத் தாள்தான். அதில் பேரு இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டால் பிய்க்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் விஞ்ஞானி இல்லை. மூளை செல் ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது என்று சொன்னபோது என் மைத்துனர், "உங்க மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துட்டீகளாக்கும், அதான் ரொம்ப நாளா காணோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்கு முன்னால் ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி செய்கிற ஆலை ஒன்றில் வெளுப்புப் பகுதியில் இருந்தேன். காயத்தில் சுற்றுகிற துணியில் அமிலமும் மிச்சம் இருக்கக் கூடாது, காரமும் இருக்கக் கூடாது. தொட்டித் தண்ணீரில் தாளை நனைத்து நிறம் பார்ப்பேன். மாறியிருந்தால் சரிக்கட்டுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதியியல். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி இருக்கிற நம் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு ஆள் கேட்டபோது, "பி.எச். பார்க்கத் தெரியும்" என்று சொல்லி அந்த ஒற்றை வாக்கியத்திலேயே உள்ளே நுழைந்தவன் நான்.

ஆலையில் எனக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார்: "நிறம் மாறுச்சுன்னா என்னைத் தேடிக்கிட்டு அலையாதே. சரி பண்ணு. பொறவு வந்து சொல்லு." அருமையான பாடம். இதில் முதல் பாதியை நான் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டேன். இரண்டாவது பாதி அன்றைக்கே மறந்துபோனது. அது மறந்துபோனதே எனக்குத் தெரியாமல் பல வருஷம் ஓடியது. ஆலையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் அங்கே நிறம் மாறினால் அது எப்போதுமே தப்புதான்.

லேப்பில் அப்படி இல்லை.

நான் சேர்ந்து சில வருஷம் கழித்து முத்துச்செல்வி வந்தாள். கூமாப்பட்டிப் பெண். பி.எச்.டி. படிக்க வந்தவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் தங்கள் தலைப்பைக் கேட்டால் அரை மணி நேரம் விளக்குவார்கள். இவளிடம் கேட்டேன். ராணுவத்தில் இருக்கிற அண்ணன் லீவில் வந்து வத்திராயிருப்பு ரோட்டில் பைக்கில் விழுந்த கதையைச் சொன்னாள். விழுந்த அன்று பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சாப்பிட்டும் இருக்கிறார். மறுநாள் மூளை வீங்கி நினைவு போய்விட்டது. மூன்று நாள் கழித்துத்தான் கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சு மெதுவாகிவிட்டது.

"அடிபட்டது ஒரு நொடி அண்ணாச்சி. வீங்குனது மறுநாள். நடுவுல அந்த ஒரு நாள் உள்ள என்ன நடந்துச்சு? எந்த டாக்டரும் எனக்குப் புரியிற மாதிரி சொல்லலை. அதான் நானே பார்ப்போம்னு வந்துட்டேன்."

அவள் பார்த்தது யோசிக்கிற செல்களை அல்ல. அதுகளுக்குத்தான் ஊரில் பேரும் புகழும். அவற்றைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கைகால் விரித்துக்கொண்டு துணைச் செல்கள் இருக்கின்றன. யோசிக்கிற செல்லுக்குச் சாப்பாடு கொடுப்பது, குப்பை அள்ளுவது, தண்ணீரும் உப்பும் அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதுகள் வேலை. கேட்டவுடனே எனக்கு அதுகள் மேல் சொந்தக்காரப் பாசம் வந்துவிட்டது. மூளைக்குள்ளும் லேப் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள், அங்கேயும் பேரு வேறு ஆட்களுக்குத்தான் போகிறது.

ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் பிராணவாயு பற்றாது. பிராணவாயு இல்லாமல் சர்க்கரையை எரித்தால் லாக்டேட் சேரும், கூடவே அமிலமும் சேரும். அப்போது இந்தத் துணைச் செல்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும். மண்டையோடு என்ன, தைத்துப் பெரிசாக்குகிற சட்டையா? உள்ளே வீங்கினால் போக இடம் கிடையாது. செல்வியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். உப்ப வைப்பது லாக்டேட்டா, அமிலமா? ஏனென்றால் லாக்டேட் எப்போதும் கெட்டவன் இல்லையாம். நல்ல நாளில் துணைச் செல்களே அதைச் சமைத்து யோசிக்கிற செல்களுக்குச் சாப்பாடாகக் கொடுக்கும் என்று சொல்கிறார்கள். ரெண்டு பேரும் சேர்ந்தே வருவதால் எவன் குற்றவாளி என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு அவள் செல்களை இன்குபேட்டரில் நாலு வகையாக வைத்தாள். இந்த வரிசை எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மேலடுக்கில் இடது பக்கம் ஒன்றும் சேர்க்காதது, வலது பக்கம் அமிலம் மட்டும். கீழடுக்கில் இடது பக்கம் அமிலம் இல்லாத லாக்டேட், வலது பக்கம் ரெண்டும். செல்களை வளர்க்கிற மீடியம் சர்பத் மாதிரி சிவப்பாக இருக்கும், அமிலம் ஏறினால் மஞ்சளாகும். இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, கூமாப்பட்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொன்னாள்: "அண்ணாச்சி, கீழடுக்குல வலது பக்கம் லாக்டேட்டும் அமிலமும். மஞ்சளாத்தான் இருக்கும், பயந்துராதீக." மேலடுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே புரியும் என்று நினைத்திருப்பாள். என்னைப் பற்றி அவ்வளவு உயர்வான அபிப்பிராயம் அதற்கு முன்னால் யாருக்கும் இருந்ததில்லை.

உள்ளே ஈரம் குறையாமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை இன்குபேட்டர் அடியில் இருக்கிற தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது என் முறை. போய்க் கதவைத் திறந்தால் கீழே மஞ்சள், சரி. மேலேயும் வலது பக்கம் மஞ்சள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போகிற கார்பன் டை ஆக்ஸைடு கூடினாலும் மீடியம் மஞ்சளாகும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் என் பொறுப்பு. முந்தின மாதம்தான் சிலிண்டர் தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டு, துறைத் தலைவர் மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவிய கோபப்பட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குப் பதில் ரெண்டு அறை வாங்கிக்கொள்ளலாம். ரெகுலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். கை அதுபாட்டுக்கு அலமாரிக்குப் போனது. புது மீடியத்தை எடுத்து, மேலடுக்கில் மஞ்சளாக இருந்த தட்டுகளுக்கு எல்லாம் பழசை உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றினேன். சிவப்பாக, லட்சணமாக ஆகிவிட்டது. ஒரு செல்லையும் சாக விடாமல் காப்பாற்றிய பெருமையோடு கதவைச் சாத்தினேன். சரி பண்ணியாகிவிட்டது. பொறவு வந்து சொல்லு என்பது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

திங்கட்கிழமை காலையில் மீடியத்தைக் கொட்டிவிட்டு, செத்த செல்லைக் காட்டுகிற நீலச் சாயத்தைப் போட்டு வைப்பதும் என் வேலை. அதனால் மேலடுக்கு சிவப்பாக இருந்ததை செல்வி பார்க்கவே இல்லை.

இப்படி ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம். சோதனையை மூன்று தடவை செய்தால்தான் நம்புவார்கள் என்பதால் அவள் மூன்று சனிக்கிழமை வைத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் ரெகுலேட்டரைத் திட்டிக்கொண்டே செல்களைக் காப்பாற்றினேன். இந்த விஷயத்தில் என்னை மாதிரி ஒழுங்கான ஆளைப் பார்க்க முடியாது.

முடிவு வந்தது. அமிலம் மட்டும் போட்டால் செல்களுக்குப் பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. லாக்டேட் மட்டும் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. ரெண்டும் சேர்ந்தால் உப்பிச் சாகின்றன. தனித்தனியே நல்ல பிள்ளைகள், சேர்ந்தால் கொலைகாரர்கள். மேடம் இப்படி ஒரு முடிவை எதிர்பார்க்கவே இல்லையாம். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்திருக்கிறதே, எவ்வளவு சுத்தமான வேலை என்று செல்வியைப் பாராட்டி எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். நான் ரெண்டு பங்கு தின்றேன். இன்றைக்கு வரைக்கும் அது நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

பெங்களூரில் ஒரு மாநாட்டில் இதைச் சுவரில் மாட்டி விளக்குகிற போஸ்டராக வைக்க இடம் கிடைத்தது. செல்வி மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் போஸ்டரை அச்சடிக்கக் கொடுத்து, என் வீடு அங்கேதானே, காலையில் வரும்போது வாங்கிவந்துவிடுங்கள் என்றாள்.

கடையில் விரித்துக் காட்டினார்கள். இங்கிலீஷ் முழுக்கப் புரியாது, படம் புரியும். நாலு தட்டையும் வண்ணத்தில் வரைந்திருந்தாள். கீழே வலது பக்கம் மஞ்சள். மேலே வலது பக்கமும் மஞ்சள்.

கலர் மாறியிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன், தெரியுமா? மேலே இருப்பது சிவப்பாக இருக்கணும், மறுபடி அச்சடிச்சுக் கொடுங்க என்றேன். அவர் பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பி அவள் அனுப்பியதைக் காட்டினார். "வந்தது இதுதான் சார். அந்தப் பொண்ணு மஞ்சள்தான் வச்சிருக்கு. நீங்க என்ன, அவியளை விட விவரமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் சோதனையே. அமிலத்தில் கிடக்க வேண்டிய செல்லை மூன்று வாரம் நான் குளிப்பாட்டி வைத்திருக்கிறேன்.

போஸ்டரைக் குழாயில் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அரை மணி நேரம். அதற்குள் என் மூளை, அது இருக்கிற பட்சத்தில், செய்த வேலையைக் கேளுங்கள். சொன்னால் வேலை போகும், ரிட்டயர்டு ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இங்கிலீஷ்காரன் வந்து என்னைக் கேட்கப்போகிறானா? ஆனால் போஸ்டரில் மேலே கொட்டை எழுத்தில் அவள் பேரு இருந்தது. நாளைக்கு வேறு ஊரில் ஒருத்தன் அதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, இந்தப் பெண் பொய் சொல்லியிருக்கிறாள் என்பான். தன் அண்ணன் தலைக்குள் நடந்தது என்ன என்று கேட்டு வந்தவளுக்கு நான் தப்பான பதிலைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இவ்வளவு நல்லதாக யோசித்துவிட்டு என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது குழாயை சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். தொலைந்துவிட்டால் பெங்களூர் நின்றுபோகும், நானும் வாய் திறக்க வேண்டாம். நாலு எட்டு வைப்பதற்குள் கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே குழாயை நீட்டிக்கொண்டு கூப்பிட்டார்: "அய்யா, உங்க பீரங்கியை விட்டுட்டுப் போறீகளே."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நான் போய் வாங்கிக்கொண்டேன். அந்தக் கண்டக்டர் முகம்கூட ஞாபகம் இல்லை. இருந்தால் ஒருநாள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன்.

அடுத்த பஸ் மாறி லேப்புக்குள் போனேன். செல்வி குழாயைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். டீ குடித்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியதால் நின்றபடியே சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மேலடுக்கு, புது மீடியம், ரெகுலேட்டர், எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  பிறகு கேட்டாள்: "எத்தனை மணிக்கு மாத்துனீக?"

"என்ன தாயி?"

"மணி அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு மாத்துனீக?"

மூன்று ஞாயிறும் ஒரே பஸ்ஸில்தான் போனேன், பத்தரை இருக்கும் என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கியது. அப்புறம் துடைத்துக்கொண்டு, "அது சரி, கேஸ் கூடுனா மேலடுக்குல வலது பக்கம் மட்டும் தனியா வந்து உக்காருமா? அதையாவது யோசிச்சிருக்கலாம்ல" என்றாள். அதை நான் அன்றைக்கு வரைக்கும் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

ரெண்டு பேரும் மேடத்திடம் போனோம். அவிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சொல்லலேன்னா இது எங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சே இருக்காதுங்க மேடம்."

"அதனாலதான் உங்களை வீட்டுக்கு அனுப்பலை." பிறகு செல்வி பக்கம் திரும்பி, பெங்களூருக்கு மெயில் போடு, போஸ்டரை வாபஸ் வாங்கிக்கிறோம்னு சொல்லு என்றார். காரணம் என்ன எழுதுவது என்று செல்வி கேட்டாள். என் பேரு வரப்போகிறது என்று நான் தரையைப் பார்த்தேன். "சோதனையில தப்பு நடந்திருக்கு, மறுபடி செய்றோம்னு எழுது. தப்பு நம்ம லேப்போடது."

நம்ம லேப்போடது. இந்த ஒரு வார்த்தைக்காக நான் அதற்குப் பிறகு ஒருநாள்கூட லீவு போடவில்லை என்று எழுத ஆசைதான். போட்டேன். ஆனால் சிலிண்டரை மட்டும் அதற்கு முன்னால் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

செல்வி பெங்களூர் போகவில்லை. புதுச் செருப்பை லேப்புக்கே போட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஒவ்வொரு தட்டிலும் மீடியத்தைக் கொட்டுவதற்கு முன்னால் பி.எச். அளந்து என் கையால் எழுத வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். முதல் சனிக்கிழமை செல்வி ஒரு தாளில் எழுதி இன்குபேட்டர் கதவில் ஒட்டினாள்: மஞ்சளாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சிரிக்காதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து மேலடுக்கைப் பார்த்தபோது என் கை மறுபடி அலமாரிப் பக்கம் போகப் பார்த்தது. உள்ளே செல்கள் உப்பிக்கொண்டிருக்கின்றன, சாகப்போகின்றன, அலமாரியில் புது மீடியம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சரிக்கட்டிய கை. அதைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிற்கிற பையன் மாதிரி நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் சர்வீஸில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால், ஒன்றும் செய்யாமல் இருந்த அந்த நிமிஷம்தான்.

முடிவில் பரபரப்பு ஒன்றும் இல்லை. அமிலம் இருந்த தட்டில் எல்லாம், லாக்டேட் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, செல்கள் உப்பின. அமிலம் இல்லாத லாக்டேட்டில் சும்மா இருந்தன. மற்றவர்கள் முன்னாலேயே பார்த்து எழுதிவைத்திருந்ததோடு ஒத்துப்போனது. பால்கோவா கிடைக்கவில்லை. ஆனால் சரியான பதில்.

பத்தரை மணியை அவள் விடவில்லை. என் புண்ணியத்தில் பாதியில் சிவப்பாக்கிய செல்கள் பிழைத்ததே, அப்படியானால் உப்பிய செல் உடனே செத்துவிடுவதில்லை, கொஞ்சம் நேரம் கொடுக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இந்தத் தடவை வேண்டுமென்றே, மணி பார்த்து, சீக்கிரம் மாற்றியும் தாமதமாக மாற்றியும் பார்த்தாள். சீக்கிரம் மாற்றியதில் நிறையப் பிழைத்தன. தாமதமானால் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் வந்தது. அடித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதினாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியூரில் இருந்து வந்த பேராசிரியர், கடைசி வரைக்கும் அமிலம் அப்படியே இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் வடைத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். செல்வி என் கோழிக் கிறுக்கல் கையெழுத்தில் இருந்த நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவள் அண்ணன் வந்திருந்தார். ஓங்குதாங்கான ஆள், பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி வரும். வெளியே மரத்தடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். செல்வி வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"நீங்கதானா... அந்த... மாத்தி ஊத்துனவுக?"

ஆமாம் என்றேன், மன்னிச்சுக்கோங்க என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வார்த்தை தேடினார். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கும்... யாரோ... நேரத்துல மாத்தி ஊத்திருக்காக."

அவ்வளவுதான் பேசினார். வடை ஆறிவிட்டது. ரெண்டு பேரும் தின்றோம்.

செல்வி இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். தாள் இங்கேதான் இருக்கிறது. ஓரம் பிரிந்திருந்தால் கொஞ்சம் பசை தடவி ஒட்டிவிடுங்கள். என்னதான் படித்தாலும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையும் சும்மா இருக்காது. தொட்டுவிட்டால் முதலில் மணியைப் பாருங்கள். டீ குடிப்பதற்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். அவள் என்னிடம் ஏன் செய்தீர்கள் என்று இன்று வரைக்கும் கேட்டதில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள்.